கிளி சொன்ன முதலிடம்

முட்டுப் பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கும்போதே, வேப்பமரத்துக் கிளி கிடாக்களை வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டதாம். முதலிடம் மருதனுக்கு. அன்றிலிருந்து மருதனுக்குப் புல் இறங்கவில்லை. கொம்பில் கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து, பழகுவதற்குக்கூட யாரோடும் முட்டவில்லை.

“என்ன முதலிடத்தாரே, கண்ணெல்லாம் உள்ளே போயிருச்சு?” என்று கேட்டுச் சிரித்தது கடைசி இடத்துக் குட்டைக்கிடா. அதன் வாய் நிறையப் புல்.

மருதன் தாங்க முடியாமல் கிளியிடம் போனது. “அக்கா, எதைப் பார்த்து எனக்கு முதலிடம் கொடுத்தே?”

“எதைப் பார்க்கிறது? இன்னும் ஒரு முட்டுகூட நடக்கலியே! அன்னைக்கு மரத்தடியில நீதான் முன்னால நின்னே. நின்ன வரிசையில சொன்னேன். நாளைக்குக் காலையில மறுபடியும் சொல்லுவேன்.”

மறுநாள் பனி விலகுமுன்பே மரத்தடியில் வந்து நின்ற மருதன், பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.