தனகோட்டியின் சுவர்

பாவாடை மூன்றாவது முறையாகச் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டபோதுதான் சிவசங்கருக்குச் சந்தேகம் வந்தது.

படுக்கையறைச் சுவர் முழுக்கத் தெர்மோகோல். நெய்வேலி வெயிலுக்குப் பயந்து குவார்ட்டர்ஸில் முன்பு இருந்தவர்கள் ஒட்டியது. எங்கேயோ ஒரு வீட்டில் அது தீப்பிடித்ததாம். தெரு முழுக்க உரித்தெடுக்கக் கம்பெனியில் உத்தரவு போட்டு, வேலையைக் கான்ட்ராக்டில் விட்டிருந்தார்கள். சுரண்டுகிற தகடும் சாக்குமாக வந்து நின்ற பாவாடை கான்ட்ராக்ட் ஆள். குடிவந்து ஒரு மாதமே ஆன சிவசங்கர் கம்பெனியின் பர்மனென்ட் ஊழியர்.

"என்னப்பா, சுவர்கிட்ட ஜோசியம் கேக்குறியா?"

"ஒண்ணுமில்லீங்க சார். கதவ சாத்திக்கினு செய்யட்டுங்களா? தூசு பறக்கும். நீங்க வெளிய குந்துங்க."

அடுத்தவர் மேல் தூசு படுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஆளைச் சிவசங்கர் இருபது வருஷ சர்வீசில் பார்த்ததில்லை.

"மொதல்ல விஷயத்தச் சொல்லு."

பாவாடை தயங்கினார். "இல்லீங்க... முன்ன இந்த வூட்டுல தனகோட்டி சாருதான இருந்தாரு? திருட்டுக் கேசுல மாட்டிக்கினாரே. எல்லாத்தையும் தங்கமா மாத்திட்டாருன்னு பேச்சு. போலீசு வந்து பீரோ, தண்ணித்தொட்டி எல்லாம் தேடிச்சி. குந்துமணி தங்கங்கூட கெடைக்கல. அப்பக்கூட செவுத்த யாரும்..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "வுடுங்க சார், நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு."

சிவசங்கரின் கண்முன்னே குறிஞ்சிப்பாடி மனை வந்து நின்றது. கூரை போடாமல் லிண்டல் மட்டத்தோடு வீடு நின்றுபோய் நாலு வருஷம். கம்பியெல்லாம் துரு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மச்சினன், "காத்தோட்டமா கட்டியிருக்கீங்க மாமா" என்று குத்திக்காட்டுகிறான். இந்தத் தெர்மோகோலுக்குப் பின்னால் அவன் வாயை அடைக்க வழி இருந்தால்?

"இன்னிக்கு வேணாம் பாவாடை. வீட்ல உடம்பு சரியில்ல. நானே ஆள் வச்சு உரிச்சுக்கிறேன்."

"ஐயோ சார், கூலி இல்லாட்டியும் பரவால்லீங்க, நானே உரிச்சிடறனே!"

அந்தக் கெஞ்சலில் சிவசங்கருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. வேலை முடிந்ததாகச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, டீக்கும் காசு கொடுத்து, ஆளைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தனகோட்டியைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பங்குக்கு வந்துவிடுவார்கள்.

மூன்று நாள் மெடிக்கல் லீவ். வீட்டில் ஆணி அடிக்கக்கூடக் கான்ட்ராக்ட் ஆளைக் கூப்பிடுகிற மனிதர், ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார். மனைவி பவித்ரா கீழே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு அட்டையையும் பிய்த்து உடைத்துப் பார்த்தார்கள். ஓட்டை கீட்டை இருக்குமோ என்று காய்ந்த பசையைக்கூட விடாமல் சுரண்டினார்கள்.

"உங்களுக்கு இவ்ளோ வேலை தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள் பவித்ரா, உண்மையான ஆச்சரியத்தோடு.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுவர் மொழுமொழுவென்று நின்றது. தங்கம் மட்டும் இல்லை. கொப்புளம் கண்ட கைகளைப் பார்த்தபோது சிவசங்கருக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? எதற்காக நீ உரித்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மறுநாள் காலை மூட்டைகளை அள்ள டிராக்டர் வந்தது. பாவாடை உள்ளே எட்டிப் பார்த்து, "நாங்க செஞ்சாக்கூட இவ்ளோ சுத்தமா வராதுங்க சார்" என்றார்.

சிவசங்கர் மூட்டைகளைத் தூக்கி வந்து டிரெய்லரில் போட்டார். அதில் ஏற்கெனவே மலை மாதிரி மூட்டைகள். தெருவில் மற்றவர்களைப் போலவே போன மாதம்தான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த துரைராஜ், மீசையெல்லாம் வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருக்க, இரண்டு மூட்டைகளைத் தானே சுமந்துகொண்டு வந்தார். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாவாடை டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து, செல்போனைக் காதில் வைத்தார்.

"மேஸ்திரி, பதினாறு வூடும் முடிஞ்சிதுங்க. அடுத்த தெருவுக்கும் ஆளு அனுப்பாதீங்க, அங்கயும் தனகோட்டி சாரு குடியிருந்தாருன்னு நானே சொல்லிக்கினு வந்துடறேன்."