ஜன்னலோர சீட்

"சேர்ந்து நாலு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள எங்களுக்கே பாடமா?" மேனேஜர் சிரித்தார். மீட்டிங் அறையில் இருந்த ஏழு பேரும் கூடவே சிரித்து வைத்தார்கள்.

டீமில் கடைசியாகச் சேர்ந்த ஜூனியர் டெவலப்பர் என்பதால், எல்லோருக்கும் அது 'புதுசு'. புதுசு அசரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையிலிருந்த தாளைப் படித்தது.

"மாசாமாசம் புது வெர்ஷனை சர்வர்ல ஏத்த ஒரு ஆள் விடிய விடிய தனியா உட்கார வேண்டியிருக்கு. நான் எழுதின ப்ரோக்ராம் அதைப் பகல்லயே இருபது நிமிஷத்துல முடிச்சிடும், சார். பன்னிரண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்."

"புட்டுக்கிச்சுன்னா யார் பதில் சொல்றது? இத்தனை வருஷமா இப்படித்தானே ஓடுது? விடுங்க."

"என் வேலையே போனாலும் பரவாயில்லை, சார். இனிமே இங்க யாரும் ராத்திரி தனியா உட்காரக் கூடாது."

புதுசின் பிடிவாதம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு வருஷமாக யாரும் சீந்தாத ஜன்னலோர சீட்டை முதல் நாளே கேட்டு வாங்கியது. அந்த மேசையில் கிடந்த பழைய கீபோர்டை மாற்ற வந்தவரையும், அதில் ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கரைத் தொடக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டது.

டெஸ்டிங் பார்க்கும் அக்கா மெல்ல வாய் திறந்தாள்.

"அவங்க சொல்றது சரிதான், சார். ரெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பொண்ணும் அதே சீட்டுல ராத்திரி முழுக்கத் தனியாத்தான் இருந்தா. காலையில மேசை மேல தலை சாஞ்சு கிடந்தா. அசந்து தூங்குறான்னு நினைச்சு, காபி வாங்கிட்டு வந்து பக்கத்துல வெச்சேன். தொட்டு எழுப்பினப்பதான்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள்.

மேனேஜர் அந்தத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அன்னைக்கே செஞ்சிருக்கணும். எங்க யாருக்கும் உறைக்கலை," என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீங்க நேத்து வந்தவங்க. அவளோட வேலை பார்த்ததுகூட இல்லை. உங்களுக்கு ஏன் இவ்வளவு வைராக்கியம்?"

புதுசு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தது.

"அவ பேருக்கு முன்னாடி இருந்த இனிஷியல் நான்தான், சார்."