வயலைப் பாத்துக்கோ

கத்தரிச் செடிகளை மறுபடியும் எண்ணினாள்.

முதல் வரிசையில் ஒன்பது. அடுத்ததில் எட்டு. அதற்கடுத்ததில் நான்கு. பிறகு இரண்டே இரண்டு.

ஐந்தாவது வரிசை வெறும் மண். அது பூஜ்ஜியம்.

பத்து வரிசையும் சரியாக இருந்தன. கைபேசித் திரையில், அவளுடைய கைபேசி எண் காய்த்து நின்றது.

ஜெராக்ஸ் கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கைபேசியை மேசையின் கீழே மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த வயல் விளையாட்டை இன்று மூன்று மணிக்கு மூடுகிறார்கள். லாபம் போதவில்லையாம்.

முதலில் இலவச விதையை நிறுத்தினார்கள். பிறகு கிணற்றுக்குப் பூட்டுப் போட்டு, விளம்பரம் பார்த்தால்தான் தண்ணீர் என்றார்கள். கடைசியில் மழையையே விலைக்கு விற்றார்கள். அதற்குமேல் என்ன லாபம் வேண்டுமோ தெரியவில்லை. இப்போது சீட்டாட்டம் ஒன்று கொண்டுவரப் போகிறார்களாம். நன்றாக விளங்கும்.

மூடாதீர்கள் என்று ஊர்ப்பட்ட பேர் எழுதிப் பார்த்தார்கள். கெஞ்சினார்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டித் தீர்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி.

அன்பாம்.

விளையாட்டு போனால் போகட்டும். கச்சான் போய்விடுவாளே.

கச்சான் அவளுடைய பக்கத்து வயல்காரி. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் எங்கோ இருக்கிறாள். வேர்க்கடலைக்கு அவர்கள் ஊரில் சொல்லும் பெயரையே விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்டவள். உண்மைப் பெயர் தெரியாது. முகமும் தெரியாது.

வயிற்றில் இருந்தது கலைந்துபோன வாரம், வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமியார் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போனார். கணவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கச்சான் மட்டும் எழுதினாள்.

"அழுங்கோ அக்கா. நான் இருக்கிறன்."

அந்த வாரம் இவள் வயலுக்கு அவளே வந்து தண்ணீர் விட்டாள். முற்றிய காயைப் பறித்து இவள் கூடையில் போட்டாள். ஒரு செடி வாடவில்லை.

அவளிடம் எண்ணைச் சொல்லிவிடலாம் என்றால் விளையாட்டு விடாது. எண் எழுதினால் நட்சத்திரக் குறியாகிவிடும். ஒன்பது, எட்டு என்று எழுத்தில் எழுதினாலும் நட்சத்திரம். நம்பர் என்ற சொல்லுக்கும் நட்சத்திரம். வேறு செயலியின் பெயரைச் சொன்னாலும் அப்படித்தான். ஆட்கள் வெளியே போய்ப் பேசிக்கொண்டால் விளம்பரத்தை யார் பார்ப்பது? மூடுகிற நாளிலாவது அதை எடுத்துவிட்டிருக்கலாம். பாவிகளுக்கு மனசு வரவில்லை.

செடியாக நட்டுவிடும் யோசனை நேற்றுதான் வந்தது. விளையாட்டின் விதைக்கடையை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த கத்தரி விதையெல்லாம் போட்டாள். காலையில் கச்சானுக்கு ஒரு வரி எழுதினாள்.

"என் வயலைப் பாத்துக்கோ."

அதற்குமேல் விளக்கினால் நட்சத்திரம் விழும். பார்த்த உடனே பிடித்துக்கொள்வாள். கெட்டிக்காரி.

"ஏங்க, ஆதார் ரெண்டு பக்கமும் ஒரே பேப்பர்ல வரணுங்க."

எழுந்து போனாள். முதல் பிரதியில் முகம் கறுப்பாக விழுந்தது. இன்னொன்று எடுத்தாள். வந்தவர் சில்லறை இல்லை என்றார். பரவாயில்லை, அப்புறம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

திரையில் கத்தரிச் செடி ஒன்றுகூட இல்லை.

காயைப் பறித்தால் இந்த விளையாட்டில் செடியும் போய்விடும். கூடை நிறைந்திருந்தது. மண் ஈரமாக இருந்தது. பத்து வரிசையிலும், வெறுமையாக விட்டிருந்த அந்த ஐந்தாவதிலும்கூட, இடைவெளி இல்லாமல் புதுத் தளிர்.

கீழே கச்சான் எழுதியிருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னபடியே பாத்துட்டன். முத்தின காயெல்லாம் ஆய்ஞ்சு போட்டன். காலியாக் கிடந்த இடத்திலயும் என்ர விதையளைப் போட்டு நிரப்பினன். இருந்த விதை எல்லாம் முடிஞ்சுது. இப்ப வடிவாக் கிடக்கு."

அதை இன்னொரு முறை படித்தாள்.

பாத்துக்கோ. பார்த்துக் குறித்துக்கொள் என்று இவள் சொன்னாள். கவனித்துக்கொள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வாள்?

மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கூடையில் காய் இருந்தது, விதை இல்லை. கச்சானிடமும் இல்லை. முளைத்ததைக் காய்க்கும்வரை பிடுங்கவும் விளையாட்டு விடாது.

"அக்கா? கோவமோ?"

விரல் திரைமேல் நின்றது. நீ பறித்தது என்ன தெரியுமா என்று கேட்கலாம். அதைக் கேட்க நேரம் போதும். நட்சத்திரம்கூட விழாது.

கேட்டால், கச்சான் தன் கையைத் தானே நொந்துகொள்வாள். நான் இருக்கிறேன் என்று அப்போது சொல்ல இவள் இருக்கமாட்டாள்.

அழகு என்பதற்கு இவள் ஊரில் யாரும் வடிவு என்று சொல்வதில்லை. இவளும் இதுவரை சொன்னதில்லை.

"ரொம்ப வடிவா இருக்கு" என்று எழுதி அனுப்பினாள்.

அந்த வரியின் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.