தட்டிக் கழித்தவர்

"எங்க அண்ணன் மாதிரி ஆயிடாதீங்கண்ணே. அவ்வளவுதான் சொல்வேன்."

முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இப்படிச் சொன்னதும் சலூன்காரர் சிரித்துவிட்டார்.

"கழுத்துல கத்தி வச்சிருக்கேன். இப்பவும் பாலிசிதானா? சரியான ஆளுய்யா நீ!"

"சிரிப்பாத்தான் இருக்கும். அண்ணனும் இப்படித்தான் சிரிச்சாரு. 'அப்புறம் பாக்கலாம்டா, எங்க ஓடிடப் போறேன்'னாரு. கூடப் பொறந்த தம்பி ஏஜென்ட்டா இருந்தும் ஒரு பாலிசி எடுக்கல. லாரி மோதினப்ப முப்பத்தெட்டு வயசு. இன்னிக்கு அண்ணி ஊரார் துணியத் தைச்சு ரெண்டு பொண்ணுங்களக் காப்பாத்துறாங்க."

கத்தி நின்றது. கண்ணாடியின் மூலையில் செருகியிருந்த மகளின் போட்டோவைச் சலூன்காரர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி, ஃபாரத்தை எடு. எங்க போடணும் கையெழுத்து?"

நுரையைக்கூடத் துடைக்காமல் எடுத்து நீட்டினான். அண்ணன் கதை இதுவரை எந்த வீட்டிலும் தோற்றதில்லை.

"என் வீட்டுக்காரி இந்தக் கதையை உன் அண்ணிகிட்டயே கேட்டுட்டாளாம்ப்பா," என்றார் கையெழுத்துப் போட்டபடி. "துணி தைக்கக் குடுக்கப் போனவ, 'இப்படியா ஒரு மனுஷன் அசட்டையா இருப்பாரு'ன்னு கேட்டிருக்கா. உன் அண்ணி துணியைக்கூட வாங்காம உள்ள போயிட்டாங்களாம்."

மீதிக் கன்னத்தை மழித்து முடித்ததும் ஏஜென்ட் ஃபாரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தான். அங்கிருந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனான்.

"வாங்க தம்பி," என்ற அண்ணி, தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"என் மேல கோபமா அண்ணி?"

"உங்க மேல என்ன கோபம்? நாலு குடும்பம் பொழைக்கட்டும்னு சொல்றீங்க. கோபமெல்லாம் உங்க அண்ணன் மேலதான்." நூலைப் பல்லால் கடித்தாள். "கையில காசு இல்லாமதான் எடுக்கலன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். நீங்க கேட்டும் தட்டிக் கழிச்சாருன்னு ஊர்ல சொல்லித்தான் எனக்கே தெரியுது. எனக்கு ஊசி குத்தினாலே துடிச்சுப் போவாரு. அதெல்லாம் நடிப்பா? பெரியவ கேக்கறா, 'அப்பாவுக்கு நம்ம மேல பாசமே இல்லையாம்மா'ன்னு. நான் என்னத்தைச் சொல்ல? போட்டோவைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டேன். பார்த்தா வயிறு எரியுது."

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க." மெஷின் நின்றது. "ஒரு தடவைகூடவா அவரு சரின்னு சொல்லல?"

அண்ணியின் கண்கள் கெஞ்சின. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அண்ணி," என்றான் தரையைப் பார்த்தபடி. "கேக்கல."

"அதானே," என்று அண்ணி மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

தெருவுக்கு வந்தவனால் வண்டியைக் கிளப்ப முடியவில்லை.

"உன் அண்ணிகிட்ட இப்பவே உளறிடாதடா. பாலிசிப் பத்திரம் வந்ததும் நானே அவ கையில குடுத்து அசத்தப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, முதல் தவணையையும் சேர்த்து அண்ணன் நீட்டிய ஃபாரம், அந்த மாத டார்கெட் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அடுத்த மாதக் கணக்குக்கு ஆகட்டும் என்று, லாரி மோதிய நாள்வரை ஆபீசுக்குப் போகாமல் தம்பியின் பீரோவில்தான் இருந்தது.