அடியில் ஒரு கையெழுத்து

விசாரணை அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் மரகதம் மேசையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

“நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே” என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரி எமல்டா.

“நீங்களே எழுதிக்குங்க மேடம். இங்க எப்பவும் அப்படித்தானுங்க.”

பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக நூல் பிசிறு வெட்டுகிறவள் மரகதம். சூப்பர்வைசரை அறைந்துவிட்டாள் என்பது புகார். அவள் ஒப்புக்கொண்டு தந்த வாக்குமூலம் கோப்பில் இருந்தது. எமல்டா அதை மறுபடி எடுத்துப் பார்த்தார். மேலே தாராளமாக ஆரம்பித்த எழுத்து, கீழே வர வரப் பொடியாகி, ‘காரணமில்லாமல் அடித்தேன்’ என்ற கடைசி வரி அவளுடைய கையெழுத்தை இடிக்காமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

எமல்டா, மரகதம் நீட்டிய தாளில் குறுக்கே கோடு கிழித்தார். புதுத்தாள் எடுத்தார்.

“நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன். படிச்சுக் காட்டறேன். சரியா இருந்தாத்தான் கையெழுத்து.”

மரகதம் சாத்தியிருந்த கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“நான் அறைஞ்சதுல இருந்து சொல்லட்டுங்களா மேடம், இல்ல, போன தீபாவளிக்கு அவரு என் கையப் புடிச்சதுல இருந்துங்களா?”