கரண்டியக்காவின் வரிசை

“ஓசிச் சோறுன்னா போதும், இஸ்திரி போட்ட சட்டைக்கும் வாய் ஊறும்!”

வரிசையில் நின்றவரின் காதில் விழவேண்டும் என்றேதான் நலச்சங்கச் செயலாளர் அதைச் சொன்னார். விழுந்தது. மடிப்புக் கலையாத சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக நின்றிருந்த அந்த ஆள், கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

“என்ன சார் இது? அக்கா இருந்தவரைக்கும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே,” என்றாள் சமையல்காரம்மா.

“அதனாலதான் கண்டவனும் வந்து கொட்டிக்கிட்டுப் போனான். இன்னிக்கு அதுக்கு ஒரு முடிவு கட்டறேன் பாரு.”

அக்கா என்றால் கரண்டியக்கா. அந்தப் பேட்டையில் ஒரு வயிறும் காயாமல் பார்த்துக்கொண்டவள். வாடகை பாக்கிக்காகச் சாமான்களைத் தெருவில் வீசிய வீட்டுக்காரர்கள் முன்னால், கையில் பிடித்த கரண்டியோடு போய் நின்றவள். அவள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. இன்று அவளுடைய சமையல்கூடத்திலேயே படத்திறப்பு. உயிரோடு இருந்தவரை அவளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வாங்கித்தர நேரமில்லாத சங்கம், இப்போது படத்துக்குத் தங்க முலாம் பூசிய சட்டம் போட்டிருந்தது. சமையல்கூடப் பொறுப்பும் சங்கத்துக்கே வந்துவிட்டது. சங்கம் என்றால் செயலாளர்தான்.

மேடையேறப் போனவரை மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“படத்தைத் திறந்தோமா, இறங்கினோமான்னு வாங்க. அந்தப் பழைய கதையை மட்டும் எடுக்காதீங்க.”

“எது, நான் வரிசையில நின்னதா? அதுல என்ன கௌரவக் குறைச்சல்? பெருமைடி, பெருமை!”

மேடையில் நின்று, ஈரமில்லாத கண்களைக் கைக்குட்டையால் ஒருமுறை ஒற்றிக்கொண்டார். தியாகச் சுடர் என்றார், தாயுள்ளம் என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“அக்கா ரொம்ப வெள்ளந்தி. யார் கையை நீட்டினாலும் போட்டுட்டாங்க. இனிமே அது நடக்காது. நாளையிலேர்ந்து, ஏழைங்கன்னு அத்தாட்சி காட்டினாத்தான் தட்டு!”

கூட்டத்திலிருந்து பஸ் டிரைவர் குரல் கொடுத்தார். “நீங்களும் இங்க சாப்பிட்டவர்தானே சார்? அப்போ என்ன அத்தாட்சி காட்டினீங்க?”

செயலாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது.

“நல்லாக் கேட்டீங்க! எங்க கம்பெனியை மூடியிருந்த சமயம். நான் வீட்ல ஓய்வா இருந்தேன்.”

வேலை போனதை அவர் எப்போதும் ஓய்வு என்றுதான் சொல்வார். அந்த நாட்களில் வீடு எப்படி ஓடியது என்று மனைவியிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஓடியது, அவ்வளவுதான்.

“ஒருநாள் அக்கா வீடு தேடி வந்தாங்க. ‘தம்பி, எனக்கொரு உதவி பண்ணணும். வரிசையில நிக்கிறவங்க கூனிக் குறுகிப் போறாங்க. உங்களை மாதிரி பெரிய மனுஷங்க நடுவுல நின்னா யார் இருக்கப்பட்டவங்க, யார் இல்லாதவங்கன்னு எவனுக்கும் தெரியாது. குடும்பத்தோட வந்து நின்னு சாப்பிட்டுட்டுப் போங்க’ன்னாங்க. அக்கா கேட்டு நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? மத்தவங்க மானத்தைக் காப்பாத்த என் மானத்தை விட்டேன். ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன்! நான் சாப்பிட்டது சாப்பாடு இல்லீங்க, சேவை!”

கைதட்டலுக்காக நிறுத்தினார். ஒரு கை தட்டவில்லை.

முன்வரிசையில் இருந்த தையல்காரர் மெல்ல எழுந்தார். “அக்கா என்கிட்டயும் இதையேதானே சொன்னாங்க?”

“என்கிட்டயும்தான்,” என்றாள் டியூஷன் டீச்சர். “‘டீச்சரே நின்னா மத்தவங்களுக்கு என்னம்மா வெட்கம்?’னு கேட்டாங்க.”

“என்னை யூனிபார்மைக் கழட்டாம வந்து நில்லுன்னாங்க,” என்றார் டிரைவர்.

அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று எழுந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் அடுத்தவருக்குத் துணையாக நின்றவர்கள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள். தையல்காரர் வாய்விட்டே அழுதுவிட்டார். சமையல்காரம்மா மேசைமேல் இருந்த தட்டை எடுத்து, ஓரமாக நின்ற இஸ்திரிச் சட்டைக்காரர் கையில் கொடுத்து, அவரை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினாள்.

செயலாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“இருங்க, இருங்க. எல்லாருமே துணைக்கு வந்தவங்கன்னா, அந்த வரிசையில ஏழைன்னு யார்தான்யா நின்னது?”

ஒலிபெருக்கி அந்தக் கேள்வியைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மனைவி எழுந்து மேடைக்குப் போனாள். மைக்கை ஒரு கையால் இறுகப் பொத்திக்கொண்டு அவர் காதோரம் குனிந்தாள்.

“நம்ம வீட்ல அடுப்பெரியலைன்னு அக்காகிட்டப் போய் அழுதது நான்தாங்க. ‘உன் புருஷன் ரோஷக்காரன், நான் வேற மாதிரி கூப்பிட்டுக்கறேன்’னாங்க.”