தலைகீழ்க் கப்பல்

"பத்து நாளா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இன்னிக்கு எப்படியும் முடிஞ்சிடும்" என்றார் மருந்துக்கடைக்காரர், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

இருமல் மருந்து வாங்க வந்த தையல்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. நீட்டிய சீட்டை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பெரியவருங்களா அண்ணே? பக்கத்துல யாரு இருக்காங்க?"

"மீசைன்னு ஒருத்தன். அவன்தான் விட மாட்டேங்கறான்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆளு இல்லண்ணே, காசு! போன்ல பழைய காசு ஏலம் போகுது. அதுக்குத்தான் இவ்வளவு துக்கம்."

ஏலம் என்றால் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற சமாச்சாரம் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது அந்த ரகம் இல்லை. முடிகிற நேரம் பார்த்து எவனாவது விலையை ஏற்றினால், கடிகாரம் மறுபடி சில நிமிஷம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இவர் ஏற்றுவார், மீசை என்று பேர் வைத்துக்கொண்டிருக்கும் அந்த மகானுபாவன் ஏற்றுவான், கூடவே இவருடைய ரத்த அழுத்தமும் ஏறும். அதற்கான மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

அப்படி என்ன காசு? கப்பல் தலைகீழாக அச்சாகிப்போன ஒரு வெள்ளிக்காசு. அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் செய்த தப்புக்குத்தான் இந்த மவுசு. ஒழுங்காக அடித்திருந்தால் நாய்கூட மோந்து பார்த்திருக்காது.

"உங்ககிட்டதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றாள் மனைவி.

"அதுக்காகத்தானே இந்தப் பாடு! மொத்தமே ரெண்டுதான் மிஞ்சியிருக்குன்னு பேசிக்கறாங்க. ரெண்டும் நம்மகிட்ட வந்துட்டா, வேற எவன்கிட்டயும் இல்ல பாரு! விக்கிறவன் எவனோ விவரம் கெட்டவன். இதோட அருமை தெரியல."

முதல் காசுக்கு அவர் செய்த மரியாதையையும் சொல்ல வேண்டும். வாங்கிய அன்றே ஒரு டப்பாவில் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, பீரோவுக்குள் தள்ளியவர்தான். காற்றுப் பட்டால் கறுத்துவிடுமாம். அதற்கப்புறம் அவரே அதன் முகத்தில் முழித்ததில்லை. பார்க்காமலே பெருமைப்பட்டுக்கொள்ளத் தெரிந்த மனுஷர்.

"என் மருந்து..." என்று இருமினார் தையல்காரர்.

"ஒரே நிமிஷம்ப்பா, முடியப் போகுது." உடனே மீசை விலையை ஏற்றினான். கடிகாரம் பின்னால் போனது. தையல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா வந்தாள். "இன்சுலின் வந்துடுச்சா?"

"இல்லைங்க டீச்சர்." மனைவிக்கு முகம் சுண்டிப்போனது. "எங்க ஃப்ரிட்ஜ் போயிடுச்சு. இன்சுலினை வெளியில வச்சு வித்தா பாவம்."

மூலையில் நின்ற ஃப்ரிட்ஜின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இவருடைய குடையும் பழைய பேப்பர் கட்டும் குளிர்ச்சி இல்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"போன மாசமும் இதையேதானேம்மா சொன்னே? முட்டி வலியோட இன்னொரு தடவை என்னால பஸ் ஏறி இறங்க முடியாது" என்று முனகிக்கொண்டே டீச்சரம்மா படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, சர்க்கரைக்காரங்க ஒவ்வொருத்தரா கையை விட்டுப் போறாங்க. நாமளே இப்படி அலையவிட்டா அவங்க எங்க போவாங்க? ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிடலாம்ங்க."

"பணத்துக்கு எங்கம்மா போறது? வியாபாரம் படுத்துக் கிடக்கு. அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். பேச்சு வாயில் இருக்கும்போதே கட்டைவிரல் ஏலத்தில் இன்னொரு படி ஏற்றிவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தாள். திரையில் நின்ற தொகையைக் கண்டு அவளுக்கே பகீரென்றது. "ரொம்ப ஏறிடுச்சுங்க. விட்டுடுங்களேன். அந்த மீசைக்கே போகட்டுமே."

"எனக்குக் கிடைக்காத காசு அவனுக்கு மட்டும் கிடைக்கணுமா? நடக்காது!"

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"நீ பேசாம இரு!"

அவள் கல்லாச் சில்லறையை எண்ண ஆரம்பித்தாள். மீசை ஏற்றினான், இவர் ஏற்றினார். மீசை யோசித்தான். கடிகாரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மீசையைக் காணவே காணோம்.

"ஓடிட்டான்!" என்று கத்திக்கொண்டு கடைக்காரர் எழுந்த வேகத்தில் விட்டமின் பாட்டில்கள் உருண்டன. எங்கே விற்கிறவன் மனசு மாறிவிடுவானோ என்ற பயத்தில் நின்ற இடத்திலேயே பணத்தைக் கட்டினார். "பத்து நாள் தவம்! இனி கூரியர்க்காரன் எப்ப வருவான்னு வேற காத்துக் கிடக்கணும்."

மனைவியின் போனில் மெசேஜ் மணி அடித்தது. பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், யாரையோ கூப்பிட்டாள். "தம்பி, மருந்து வைக்க ஒரு ஃப்ரிட்ஜ் சொல்லியிருந்தேனே, அதை இன்னிக்கே அனுப்பிடுங்க. ஆமா, பணம் வந்துடுச்சு."

"பணமா? உனக்கு ஏது பணம்?"

அவள் கல்லாவைத் திறந்தாள். சில்லறைக்கு அடியிலிருந்து, டேப் கிழிந்த ஒரு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க. கூரியர் செலவு மிச்சம்."